ஒற்றைக் கோடு

எங்கே கிணறு வெட்டினாலும் எனக்குச் சேதி வரும்.
மருந்துக்கு வந்தவர்கள் மீதிக்காசை எண்ணியபடி சொல்வார்கள்:
"ஏழாலையிலை வெடி வைக்கினம் அண்ணை,
இருவதடியிலை கல்லு வெள்ளையாக் கிளம்புது."
போயா நாளில் கடை பூட்டி
சைக்கிளில் போவேன்,
ஒரு வாளி, தேய்ந்த பல்தூரிகை.

பின்னறைத் தட்டில்
மாத்திரை தீர்ந்த போத்தல்கள்.
ஒட்டுச்சீட்டுக்கு வேறு காசு எதற்கு?
"காலை 1, இரவு 1, சாப்பாட்டுக்குப் பின்" என்று
அச்சடித்ததன் ஓரத்திலேயே எழுதுகிறேன்.
பத்தொன்பது: சுருள்நத்தை, உள்வார்ப்பு மட்டும்.
ஓடு எப்போதோ கரைந்தது;
ஓட்டுக்குள் புகுந்த சேறு இறுகி
நத்தையாக நடிக்கிறது.
இருபத்தாறு: சுறாப்பல், நுனி இல்லை.
உடைத்தது வெடியா, கடைசி இரையா?
எடை, கடைத் தராசில், ஒன்று தசம் நாலு கிராம்.
இடம் புன்னாலைக்கட்டுவன், வெங்காயத் தோட்டத்துக் கிணறு,
ஆழம் பதினெட்டடி.

இடம் எழுதாத கல் வெறும் கல்.
சகலன் ஒரு பிஸ்கட் பெட்டி நிறையச் சிப்பி தந்தார்,
அத்தனையும் வடிவு.
எங்கே எடுத்தது?
"உங்கினேக்கைதான்."
உங்கினேக்கை என்ற ஊரில்
ஒன்றரைக் கோடி ஆண்டு கிடந்தவை
இலக்கம் இல்லாமல் அலுமாரிக்கு மேலே கிடக்கின்றன.

முப்பத்தொன்று: இல்லை.
கல்லைக் கழற்ற வினாகிரியில் ஓரிரவு ஊறவிட்டேன்.
கல்லும் சுண்ணாம்பு, உள்ளே இருந்ததும் சுண்ணாம்பு,
வினாகிரிக்கு ஆள்பேதம் தெரியாது.
விடியப் பார்த்தால் கோப்பையில் கலங்கல்.
அந்த இலக்கத்தை வேறெதற்கும் கொடுக்கவில்லை.
தவமலர் அந்தப் போத்தலில் ஊசிகளைப் போட்டிருந்தாள்.
எடுக்கச் சொன்னேன்.
"வெறும் போத்தல்தானே?"
ஓம் என்று சொல்லவும் முடியவில்லை.

நாற்பத்தேழு, என் பெருமை:
கடற்பசுவின் விலா.
இரண்டு வருசம் அப்படித்தான் இருந்தது
புவிச்சரிதவியல் படித்த யசோதினி இருமல் பாணி வாங்க வரும்வரை.
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
தவமலரிடம் ஓர் ஊசி கேட்டாள்,
நெருப்பில் காட்டி எலும்பில் அழுத்தினாள்.
மயிர் கருகிய மணம்.
"கல்லானது இப்பிடி மணக்காது, அங்கிள்.
இது போன தலைமுறை மாடு."
இருமினாள். பாணிக்குக் காசு வாங்க மறந்துவிட்டேன்.

ஆபத்தான மருந்துப் பதிவேட்டில் பிழை விட்டால்
அழிக்கக்கூடாது, மை பூசக்கூடாது.
ஒற்றைக் கோடு, பக்கத்தில் கையொப்பம், திகதி.
வெட்டுண்டது வாசிக்கக் கிடக்க வேண்டும்.
முப்பது வருசப் பழக்கம்;
அன்றிரவு கொப்பியைத் திறந்து
கடற்பசுவில் கடலை மட்டும் வெட்டினேன்.
பசு நின்றது.

நேற்று ஊரெழுவிலிருந்து நகுலேசு,
மினிபஸ் கொண்டக்டர்,
ரிக்கற் தாளில் மடித்து ஒன்றைக் கொண்டுவந்தான்.
"மூண்டு நாள் உயிர் போச்சண்ணை. இண்டைக்குத்தான் விழுந்தது.
உங்கடை கண்ணாடிக்கை வைச்சு என்னெண்டு சொல்லுங்கோ."
மஞ்சள், மிளகிலும் சிறிது,
வில்லையின் கீழே முழுக்க முள்.
கடல் முள்ளெலி என்று ஒரு கணம் கை எழுதப் போனது.
"எங்கடை தண்ணி," என்றான், "கிணத்திலை இருந்த கல்லுத்தானே."
தண்ணி கனக்கக் குடி என்றேன்.
"எந்தத் தண்ணி?"
சிரித்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு போனான்.
கல்லைத் திருப்பி வாங்கவில்லை.

ஐம்பத்தெட்டு.
இடம்: ஊரெழு, இடது சிறுநீரகம்.
ஆழம்: கோடு.
காலம்:
இதில் பேனை நின்றது.
பென்சில் எடுத்து மெல்லிசாய் ஒரு கேள்விக்குறி.
குசினியில் தவமலர் கேத்தலைத் தூக்க
அடியில் படிந்த வெள்ளை கழன்று
உள்ளே கலகலத்தது.